தேயிலை மலைகளும் மக்களின் பசுமைவெளியும்

நகருக்குள்ளோ நகரை ஒட்டியோ மரம், புல், நீர் ஆகியவற்றோடு அமைந்து, மக்கள் தடையின்றிப் போய் நடக்கவும் விளையாடவும் இளைப்பாறவும் இடந்தரும் நிலமே பசுமைவெளி எனப்படுகிறது. பூங்கா, விளையாட்டுத் திடல், வாவிக்கரை, வீதியோர மரவரிசை, பாடசாலைத் தோட்டம், கோயில் மரத்தடி, வீட்டுக்கொல்லை ஆகிய எல்லாமே இதில் அடங்கும். பெருநகரங்களில் இந்த நிலம் அருகிவருகிறது என்பதே உலகெங்கும் பேசப்படும் கவலை. இலங்கையின் மத்திய மலைநாட்டில் கேள்வி வேறுவிதமாக எழுகிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையிலும், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைதான். அந்தப் பச்சையின் மிகப் பெரும்பகுதி தேயிலை: ஒரே பயிர், ஒரே உயரம், கொழுந்துக்காக மட்டுமே வைத்திருக்கும் நிலம். அதன் நடுவே வாழும் மக்களுக்கு உட்கார ஒரு மரநிழலும் பிள்ளைகள் ஓட ஒரு மட்டத் தரையும் கிடைப்பது அரிது. இயற்கையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வரும் நன்மை எவ்வளவு, அதற்குள் புழங்குவதால் வரும் நன்மை எவ்வளவு என்ற வேறுபாட்டை இந்த மலைகள் தெளிவாகக் காட்டுகின்றன.

இலங்கையின் குடிசன மதிப்பீடு மக்களை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கிறது. 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் 18.2 சதவீதத்தினர் நகரத்திலும், 77.4 சதவீதத்தினர் கிராமத்திலும், 4.4 சதவீதத்தினர் தோட்டத்திலும் வாழ்ந்தனர். நுவரெலியா மாவட்டத்தின் ஏறத்தாழ 7 இலட்சம் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தோட்டத் துறையினர். தோட்டம் நகரக் கணக்கில் சேராவிட்டாலும் லயத்தின் நெருக்கம் நகரச் சேரிக்குக் குறைந்ததன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்புமாக, ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் வீடுகள் அவை. இருக்கும் இடம் குறுகியிருக்கும்போது வெளியே கிடைக்கும் இடத்தின் மதிப்பு கூடுகிறது. ஆகவே நகரப் பசுமைவெளி பற்றிய கேள்விகளை நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை போன்ற நகரங்களோடு நிறுத்தாமல் லயங்களுக்கும் கொண்டுபோவது நியாயமானது.

உடலுக்கும் மனத்துக்கும்

இயற்கை மனிதரை ஆற்றுகிறது என்பது பழைய நம்பிக்கை. அதை அளந்து காட்டும் முயற்சி கடந்த நாற்பது ஆண்டுகளில்தான் வலுப்பெற்றது. 1984இல் ரொஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ‘சயன்ஸ்’ இதழில் சிறிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள வைத்தியசாலை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவுகளை அவர் இணை இணையாக ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினர். செங்கற்சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாட்கள் ஆயின. முன்னவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. அதே காலத்தில் உளவியலாளர் தம்பதியரான ரேச்சல் கப்லனும் ஸ்டீபன் கப்லனும், தொடர்ந்து ஒன்றில் கவனம் செலுத்திக் களைத்த மனம் இயற்கைச் சூழலில் மீண்டும் தெளிவு பெறுகிறது என்ற கோட்பாட்டை வகுத்தனர். ஜப்பானில் ‘காட்டுக் குளியல்’ என்ற பழக்கம் 1982இல் அரசின் ஊக்கத்தோடு தொடங்கியது.

பின்னர் வந்த ஆய்வுகள் பெருந்தொகையான மக்களை எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடங்களாவது இயற்கையில் கழிப்பவர்கள் தம் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகக் கூறும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. அந்த நேரம் ஒரே மூச்சில் கழிந்ததா, துண்டு துண்டாகக் கழிந்ததா என்பது முக்கியமாகவில்லை. டென்மார்க்கில் 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், சிறு வயதில் மிகக் குறைந்த பசுமைச் சூழலில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநோய்கள் வரும் அபாயம், நோய்க்கு ஏற்ப, 55 சதவீதம் வரை கூடுதல் என்று அதே ஆண்டில் எழுதினர். பார்சலோனாவில் 2,593 பாடசாலைப் பிள்ளைகளை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வில், பாடசாலையைச் சுற்றிப் பசுமை மிகுந்த இடங்களில் பிள்ளைகளின் நினைவாற்றல் வேகமாக வளர்ந்தது. சீனாவின் குவாங்சோவில் தொடக்கப் பாடசாலை மாணவருக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளிவகுப்பு கொடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் அவர்களிடையே கிட்டப்பார்வை தோன்றியது 30.4 சதவீதத்தினருக்கு, வழக்கம்போல் படித்தவர்களிடையே 39.5 சதவீதத்தினருக்கு.

இவற்றுள் மலைநாட்டுக்கு மிகவும் பொருந்துபவை இரண்டு. ரிச்சர்ட் மிட்சலும் ஃபிராங்க் போபமும் 2008இல் ‘லான்செட்’ இதழில் எழுதியது முதலாவது. செல்வருக்கும் வறியவருக்கும் இடையே சாவு விகிதத்தில் உள்ள இடைவெளி, பசுமை மிகுந்த பகுதிகளில் சுருங்கியிருப்பதை அவர்கள் இங்கிலாந்துத் தரவுகளிலிருந்து காட்டினர். பசுமைவெளி யாருக்கு அதிகம் உதவுகிறது என்றால், வேறு வசதி இல்லாதவருக்கு. மற்றது பிலடெல்பியா நகரில் நடந்த சோதனை. குப்பை நிறைந்து கிடந்த 541 வெற்று நிலங்களில் சிலவற்றைத் துப்புரவு செய்து புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, தாழ்வான மரவேலி அடைத்தனர். அவற்றின் அருகே வாழ்ந்தவர்களில் மனச்சோர்வை உணர்ந்தவர்களின் அளவு 41.5 சதவீதம் குறைந்தது என 2018இல் தெரிவிக்கப்பட்டது. வறிய பகுதிகளில் பயன் இன்னும் கூடுதல். பெரிய பூங்கா அமைக்கப் பணமும் நிலமும் இல்லாத ஊர்களுக்கு இந்தச் சோதனை மிகுந்த நம்பிக்கை தருகிறது.

ஆயினும் இவ்வகை ஆய்வுகளில் பல, தொடர்பைக் காட்டுகின்றனவே தவிரக் காரணத்தை நிலைநாட்டுவதில்லை. வசதியுள்ளவர்கள் மரங்கள் உள்ள தெருவில் வீடு வாங்குவார்கள். அவர்களின் நலத்துக்கு மரம் காரணமா, வசதி காரணமா என்று பிரிப்பது கடினம். தோட்டப் பகுதி இந்த எச்சரிக்கைக்கு வலுவான சான்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17.3 சதவீதம்; தோட்டத் துறையில் 31.7 சதவீதம். கண் நிறையப் பச்சையைப் பார்த்து வளரும் பிள்ளைகளே நாட்டில் மிகவும் வளர்ச்சி குன்றியிருக்கிறார்கள். உணவு, வருமானம், துப்புரவு, தாயின் நலம் ஆகியவற்றை ஈடுசெய்யும் ஆற்றல் எந்தக் காட்சிக்கும் இல்லை.

காட்டிலிருந்து தேயிலைக்கு

இன்றைய தேயிலை மலைகள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலைக்காடுகளும் பத்தனைப் புல்வெளிகளுமாக இருந்தன. பிரித்தானிய ஆட்சி 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியதாக்கியது. அந்த நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. கோப்பி உச்சத்திலிருந்த 1870களில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பயிராகியிருந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அதை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காட்டை வெட்டியவர்களும் தேயிலையை நட்டவர்களும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். அவர்கள் திருத்திய நிலத்தில் ஒரு துண்டும் அவர்களுக்கு உரிமையாகவில்லை. இன்றைய பசுமைவெளிப் பற்றாக்குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

காடு முழுவதும் அழியாமல் தப்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் டால்டன் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாமல் விடவேண்டும் என்று 1873இல் ஆலோசனை கூறினார். அதன்படி அந்த உயரத்துக்கு மேல் காடு வெட்டுவது தடுக்கப்பட்டது. 1988இல் தேசியப் பூங்காவான ஹோர்டன் சமவெளி இன்று நிற்பதற்கு அந்த ஆலோசனை முக்கிய காரணம். சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்டன் சமவெளி, நக்கிள்ஸ் தொடர் ஆகிய மூன்றும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

நுவரெலியாவின் பூங்காக்கள்

ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையின் அடியில் இருக்கும் நுவரெலியா, வெள்ளையரின் ஓய்வூராகத் திட்டமிடப்பட்டது. 1846 அளவில் சாமுவேல் பேக்கர் இங்கே ஆங்கிலேயக் குடியிருப்பு ஒன்றை நிறுவ முயன்றார். ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் ஓடையை மறித்து வாவியை அமைத்தார்; அது இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. குதிரைப் பந்தயத் திடல் 1875இலும் கோல்ப் கழகம் 1889இலும் வந்தன. 1861இல் சிங்கோனா மரங்களை வளர்க்கத் தொடங்கப்பட்ட ஹக்கலை, பின்பு தாவரவியல் பூங்காவானது. அதன் ஆய்வுத் திடலாக இருந்த நிலம், விக்டோரியா அரசியின் 60ஆவது ஆட்சியாண்டு நிறைவை ஒட்டி 1897இல் விக்டோரியா பூங்கா ஆயிற்று. இதே நூற்றாண்டில், இதே நோக்கத்தோடு நீலகிரியிலும் இப்படியொரு நகரம் எழுந்தது. உதகமண்டலத்தின் ஏரியை ஜோன் சலிவன் 1820களில் வெட்டினார். தாவரவியல் பூங்கா 1848இல் வந்தது.

இலங்கையில் இத்தனை சிறிய நகரத்துக்கு இத்தனை பசுமைவெளி அமைவது அரிது. நகரத்தின் நடுவே பூங்காவும் கோல்ப் திடலும், ஒரு பக்கம் வாவியும் பந்தயத் திடலும், அதற்கு அப்பால் 30 ஹெக்டேயருக்கும் குறைவான கல்வேஸ் லேண்ட் காடும் இருக்கின்றன. 1938இல் சரணாலயமான கல்வேஸ் லேண்ட் 2006இல் தேசியப் பூங்காவானது. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் அதுவும் ஒன்று. விக்டோரியா பூங்காவின் சிற்றோடை ஓரத்தில் குளிர்காலத்தில் ஆறுமணிக் குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் வலசை வந்து தங்கும். அவற்றைக் காணவே வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்கள் வருகிறார்கள். ஏப்ரல் மாத வசந்த காலத்தில் மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும்போது நகரமே நிரம்பிவழியும்.

இந்தப் பசுமை யாருக்காக அமைந்தது என்று பார்த்தால் படம் மாறுகிறது. கோல்ப் திடல் கழகத்தினருக்கும் கட்டணம் செலுத்துவோருக்கும் உரியது. விக்டோரியா பூங்காவுக்கும் வாவியோரப் பூங்காவுக்கும் நுழைவுச்சீட்டு வேண்டும். பஸ் கட்டணமும் நுழைவுச்சீட்டும் சேர்ந்தால், நாட்கூலியில் வாழும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு ஒருமுறை போகும் இடமாகிவிடுகிறது. வாரத்துக்கு 120 நிமிடம் என்ற கணக்கு அங்கே பொருந்தாது. பூங்காவைப் பராமரிக்கப் பணம் தேவை என்பது உண்மை. ஆனால் சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தை அந்த மாவட்டத்துப் பிள்ளைகளிடமும் முதியோரிடமும் வாங்கவேண்டிய தேவையில்லை. வாரநாட்களில் மாவட்டத்தில் வாழ்பவர்களுக்கு நுழைவை இலவசமாக்குவது செய்யக்கூடியதும் செய்யவேண்டியதுமான ஏற்பாடு.

வாவியின் நிலையும் கவனத்துக்குரியது. சுற்றியுள்ள சரிவுகளில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா ஆகிய மரக்கறிகள் ஆண்டு முழுவதும் பயிராகின்றன. அவற்றுக்கு இடும் உரமும் அரிபட்ட மண்ணும் நகரக் கழிவுநீரும் மழையோடு வாவியில் சேர்கின்றன. ஊட்டம் மிகுந்த நீரில் பாசி பெருகுகிறது. அடியில் வண்டல் ஏறுகிறது. கரையில் புல்லையும் பூச்செடியையும் அழகுபடுத்தும் செலவில் ஒரு பகுதியை, வாவிக்கு வரும் ஓடைகளின் கரைகளில் மரமும் நாணலும் வளர்க்கச் செலவிட்டால் வாவி தானே தேறும்.

நீரும் மண்ணும்

நகர மரங்களைப் பற்றிய உலக எழுத்துகள் பெரும்பாலும் வெப்பத்தைப் பற்றியே பேசுகின்றன. இலைகள் நீராவியை வெளிவிட்டு, நிழல் தந்து, தார் வீதியின் சூட்டைத் தணிக்கும் என்பது கொழும்புக்கும் சென்னைக்கும் பெரிய செய்தி. ஆண்டுச் சராசரி 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் நுவரெலியாவுக்கு அது அவ்வளவு முக்கியமன்று. இங்கே மரத்தின் முதல் வேலை நீரைக் காப்பதும் சரிவைப் பிடித்து நிறுத்துவதும்தான்.

மலையுச்சிக் காடுகளில் பாசி படர்ந்த கிளைகளும் சிறு இலைகளும் மூடுபனியிலிருந்து நீரைப் பிடித்துச் சொட்டவிடுகின்றன. மழைமானியில் பதியாத இந்த நீரும் மண்ணுக்குள் இறங்குகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஹோர்டன் சமவெளிப் பகுதியிலிருந்து நீர் போகிறது. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களை நிரப்பிக் கீழே களனியாகின்றன. கொழும்பு நகரத்தின் குழாய்நீர் பெரும்பாலும் அந்த ஆற்றிலிருந்தே வருகிறது. தோட்டத்து மக்களோ தொன்றுதொட்டு மலையூற்றிலிருந்து மூங்கிலிலும் தகரத்திலும் வந்த பீலித் தண்ணீரையே நம்பினார்கள். ஊற்றுக்கண்ணைச் சுற்றிய சிறு காடு வெட்டுப்பட்ட இடங்களில் மார்கழி, தைக்குப் பின் பீலி வற்றியது. ஹட்டன் நகரத்தின் பின்னால் உள்ள சிங்கமலைக் காடும் அந்நகரின் குடிநீருக்கு உதவும் நீரேந்து பகுதி. வறண்ட மாதங்களில் அங்கே அடிக்கடி தீ வைக்கப்படுகிறது. அதை வெறும் காட்டுத்தீச் செய்தியாகப் படித்துக் கடந்துவிட முடியாது; எரிவது ஒரு நகரத்தின் தண்ணீர்.

மண்ணைப் பொறுத்தவரை தேயிலையை ஒரேயடியாகக் குறை கூறமுடியாது. நன்றாகப் பராமரித்த தேயிலை நிலத்தை மூடி மழையின் அடியைத் தாங்கும். சரிவுக்குக் குறுக்கே வெட்டிய காணு எனப்படும் வடிகால்களும் கல் அடுக்குகளும் நீரை மெல்ல இறக்கும். 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மறுநடுகைக்கு முன் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் வளர்க்கச் சொல்கிறது. அதன் வேர் மண்ணை இளக்கிப் பிடித்துக்கொள்ளும். பராமரிப்புக் குறைந்து செடிகளுக்கிடையே வெற்றிடம் விழும்போதும், காணு தூர்ந்துபோகும்போதும்தான் அரிப்பு தொடங்குகிறது. செங்குத்துச் சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போடும் மரக்கறிச் செய்கை அதைவிட வேகமாக மண்ணை இழக்கிறது.

நிழல் மரங்களின் கதை இதோடு சேர்ந்தது. தோட்டங்களில் சவுக்கு என்று சொல்லப்படும் கிரவிலியா, முள்முருங்கை, அல்பீசியா ஆகியன தேயிலைக்கிடையே நிழலுக்கும் உரத்துக்கும் விறகுக்கும் நடப்பட்டன. 1946இல் பூஞ்சணத்தால் வரும் கொப்புள நோய் தேயிலையைத் தாக்கியபோது, நிழலும் ஈரமும் அந்தப் பூஞ்சணத்துக்கு உதவுகின்றன என்று உயர்ந்த மலைகளில் பல மரங்கள் குறைக்கப்பட்டன. மரம் போன மலையில் காற்றும் வெயிலும் நேராக அடிக்கின்றன. கொழுந்து பறிப்பவர்களுக்கு ஒதுங்க நிழலில்லை. மரக்கிளையும் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளையான மிலாறும்தான் லயத்து அடுப்புக்கு விறகு என்பதால், இழப்பு சமையலறைவரை போகிறது.

மரவேர் மேல்மண்ணைப் பின்னிப் பிடித்தாலும், ஆழத்தில் வழுக்கும் பெரிய சரிவை மரத்தால் மட்டும் தடுக்கமுடியாது. கீழே வீடு கட்டச் சரிவை வெட்டுவது, வடிகாலை அடைப்பது, மழைநீர் ஓரிடத்தில் தேங்கி உள்ளே இறங்குவது எல்லாம் சேர்ந்தே மண்சரிவை வரவழைக்கின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. குடியிருந்தவர்களுக்குப் போக வேறிடம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் பல இடங்களில் சரிந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம் என்று படிகள் வகுத்துள்ளது. ஆபத்தென வரையப்பட்ட சரிவுகளில் மீண்டும் வீடு கட்டாமல், நாட்டு மரங்கள் நட்டுக் காடாக விடுவதே அந்த நிலத்துக்கு ஏற்ற பயன். அங்கிருந்தவர்களுக்குப் பாதுகாப்பான காணி கொடுத்த பிறகே அதைச் செய்யமுடியும்.

லயத்தைச் சுற்றி

நகர வனவியலாளர் செசில் கோனைனெண்டைக் 2021இல் முன்வைத்த விதி ஒன்று பல நகரங்களில் பின்பற்றப்படுகிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரங்கள் தெரியவேண்டும். ஒவ்வோர் அயலிலும் 30 சதவீத நிலத்தில் மரக்கூரை இருக்கவேண்டும். 300 மீற்றருக்குள் ஒரு பசுமைவெளி இருக்கவேண்டும். லயத்தை இந்த அளவுகோலால் பார்த்தால் முதலாவது பெரும்பாலும் தேறும். இடுப்பளவில் வெட்டி நிறுத்திய தேயிலைச் செடி மரமாகாது என்பதால் இரண்டாவது தேறாது. மூன்றாவது, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்; ‘கிரவுண்ட்’ என்று அழைக்கப்படும் மைதானம் உள்ள தோட்டங்களில் அது இளைஞரின் கிரிக்கெட்டுக்கும் கரப்பந்தாட்டத்துக்கும் இடமாகிறது. குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவின் முன்னுள்ள சிறு முற்றம், மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் திடல், முனியாண்டி, கவ்வாத்துச்சாமி குடியிருக்கும் மரத்தடி ஆகியனவும் தோட்டத்துப் பொதுவெளிகளே. சாமி மரத்தை யாரும் வெட்டுவதில்லை. தலைமுறைகளாக மக்கள் தாமே காத்துவந்த பசுமைவெளி அது. எந்தத் திட்டமும் அங்கிருந்து தொடங்கினால் வேரூன்றும்.

பெண்களின் நிலையைத் தனியே பார்க்கவேண்டும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டிலிருந்து மாலை கொழுந்து நிறுக்கும்வரை பசுமையின் நடுவே நிற்பவர்கள் அவர்கள். முதுகுச் சுமையோடு, மழையிலும் அட்டைக் கடியிலும் செங்குத்தில் நிற்கும் எட்டு மணி நேரம் இளைப்பாறல் ஆகாது. கப்லன் தம்பதியர் பேசிய மனத்தெளிவு, கடமையும் அவசரமும் இல்லாத நேரத்தில் வருவது. வீடு திரும்பிய பெண்ணுக்குச் சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கின்றன. மைதானமோ ஆண்பிள்ளைகளிடம் இருக்கிறது. லயத்துக்கு அருகிலேயே வெளிச்சமும் இருக்கையும் கழிப்பறையும் உள்ள சிறு பூங்கா, பெரிய பூங்காவைவிட அவர்களுக்குப் பயன்படும்.

தேயிலை மலையைப் பூங்காவாகக் கருதமுடியாமைக்கு நச்சுமருந்தும் ஒரு காரணம். களைக்கொல்லி தெளித்த மலையில் பிள்ளைகள் விளையாடுவது தகாது. கிளைபோசேற் என்ற களைக்கொல்லி 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

லயத்தோடு ஒட்டிய சிறு தோட்டம்தான் இந்த மக்களுக்கு இன்றுவரை மிகுந்த பயன் தந்த பசுமைவெளி. காணு ஓரத்திலும் லயக்கோடியிலும் கீரை, பீன்ஸ், உருளைக்கிழங்கு, மிளகாய், கோழிக்கூடு, மாட்டுப்பட்டி என்று அது வளர்கிறது. உணவு, சிறு வருமானம், உடலுழைப்பு, தனக்கென்று ஒன்றை வளர்க்கும் நிறைவு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. 2016இல் வளர்ச்சி குன்றல் 31.7 சதவீதமாக இருந்த சமூகத்தில் வீட்டு முற்றத்துக் கீரைப்பாத்தி அலங்காரப் பூங்காவைவிட முந்திய தேவை. அண்மைக்கால வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கப்பட்டது. அது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். இந்திய உதவியோடு 4,000 வீடுகள் தொடங்கப்பட்டு, 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு எழுந்தபின் மிஞ்சும் நிலம் சிறிதுதான், ஆனாலும் அது சொந்த நிலம். தன்னுடையது என்ற உறுதி வந்த பிறகே மக்கள் மாமரமும் கொய்யாவும் நடுகிறார்கள். வாழ்வு நிச்சயமில்லாத இடத்தில் பத்தாண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை எவரும் நடுவதில்லை. காணியுரிமை இந்த வகையில் சுற்றாடல் கேள்வியும்தான்.

சிறு நகரங்கள்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, கொட்டகலை போன்ற நகரங்கள் நுவரெலியாவைப் போல் ஓய்வுக்காகத் திட்டமிடப்பட்டவையல்ல. புகையிரத நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் சுற்றி, வீதியின் இருபுறமும் வளர்ந்த கடைவீதிகள் அவை. சம்பள நாளில் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் ஆயிரக்கணக்கானோர் உட்கார ஓர் இடமின்றிக் கடைப்படியில் நிற்கிறார்கள். சுற்றிலும் தோட்டக் காணி என்பதால் நகரம் விரியவும் வழியில்லை. தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்தின் நீர்த்தேக்கம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. அதன் கரையும் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலைக் கரைகளும் பாதுகாப்பான நடைபாதைக்கும் மரநடுகைக்கும் ஏற்றவை. ஈரநிலங்களை மண்போட்டு நிரப்பாமல் நடைபாதை அமைத்துக் காத்த கொழும்பு, 2018இல் ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் உடன்படிக்கையின் முதல் ஈரநில நகரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. நாட்டுக்குள்ளேயே இருக்கும் இந்த அனுபவத்தை மலைநகரங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

உயிரினங்களும் இடர்களும்

பசுமை பெருகினால் உயிர்களும் பெருகும். அவற்றோடு சில இடர்களும் வரும். தேயிலை, காடு, ஓடைக்கரை மூன்றும் கலந்த நிலத்தில் சிறுத்தைகள் நடமாடுகின்றன. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிக்கி அவை சாவது தொடர்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படிச் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. தொழிலாளருக்கு நாளாந்த அச்சம் குளவி. உயர்ந்த மரத்திலும் தேயிலைச் செடிக்குள்ளும் கட்டும் கூடுகள் கலைந்தால் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக வைத்தியசாலைக்குப் போவதும், சிலர் உயிரிழப்பதும் மலைநாட்டுச் செய்திகளில் வழமை. மரநடுகையைப் பற்றிப் பேசுவோர் இதை ஒதுக்கிவிடக்கூடாது. வேலைக்கு முன் மலையைப் பார்வையிடுவதும், கூடுகளை முறையாக அகற்றுவதும், மருந்தும் வாகனமும் ஆயத்தமாக வைப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு.

எந்த மரம் என்பதும் முக்கியம். தோட்டங்களில் டர்பன்டைன் என்று அழைக்கப்படும் யூக்கலிப்டஸும் பைனஸும் விரைவாக வளர்ந்து விறகும் பலகையும் தந்தன. அவற்றின் அடியில் பிற செடிகள் குறைவு. பைனஸ் சருகில் தீ எளிதில் பரவுகிறது. ஊற்றுக்கண், ஓடைக்கரை, சரிவு ஆகிய இடங்களில் நாட்டு மரங்களையே நடவேண்டும் என்பதில் ஐயமில்லை. விறகுக்கென்று தனி இடத்தில் வேகமாக வளரும் மரங்களையும் வைத்தால்தான் அந்த நாட்டு மரங்கள் கோடரிக்குத் தப்பும்.

உள்ளூராட்சியின் பொறுப்பு

ஐக்கிய நாடுகள் சபையின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 11.7ஆவது, 2030ஆம் ஆண்டுக்குள் பெண்கள், பிள்ளைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோருக்கும் பாதுகாப்பான பசுமையான பொதுவெளி கிடைக்கவேண்டும் என்கிறது. மலைநாட்டில் அதற்கு நீண்டகாலம் சட்டமே தடையாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிட இடந்தரவில்லை. வரி வாங்கவும் வாக்கு வாங்கவும் உரிய மக்களுக்கு ஒரு தெருவிளக்கோ மைதானமோ கொடுக்கச் சபையால் முடியாதிருந்தது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டின் தேர்தலில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பெரிய பிரதேச சபைகள், அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய புதிய சபைகளோடு ஆறாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

ஆகவே இன்று தடை சட்டத்தில் இல்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் மைதானத்துக்கும் சிறு பூங்காவுக்குமாகக் கால் ஏக்கரையேனும் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடமிருந்து அரசு விடுவிக்கவேண்டும். காணி அரசுக்குச் சொந்தம், கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருப்பவை என்பதால் இது புதிய சட்டமின்றியே நடக்கக்கூடியது. ஊற்றுக்கண்களையும் சாமி மரத்தடிகளையும் பிரதேச சபைகள் பதிவுசெய்து காக்கவேண்டும். வீட்டுத் திட்டத்தின் வரைபடத்திலேயே பொதுவெளியும் கொல்லைத் தோட்டமும் குறிக்கப்படவேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தலைப்பை ஒதுக்கும்படி அந்த ஆறு சபைகளின் உறுப்பினர்களை அவர்களுக்கு வாக்களித்தவர்கள் கேட்கவேண்டும்.